பிரஷ் பட்ட இடம்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்கங்கக்கா. எனக்கு இப்பல்லாம் வெயில் பட்டா ஆகறதில்ல. முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு இப்படி ஓரமா இருந்துக்கறேன். பையைக் கீழ வைக்க வேணாம்க்கா, மடியிலயே இருக்கட்டும். உள்ள பாட்டில் இருக்கு, உருண்டா ஒடஞ்சிரும்.

நீங்களும் ஆரணியா? நல்லதாப் போச்சு. நான் எம்பொண்ணைக் கூட்டிட்டு வரப் போறேன். மோனிஷான்னு பேரு, மூணாவது படிக்கிறா. எங்க வீட்டுக்காரரு அவளைக் கொண்டுபோய் அவரு அக்கா வீட்டுல விட்டுட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப எம்புள்ள நாத்தனார் வீட்டுல ஏன்க்கா வளரணும்? இன்னிக்கு அவளக் கூட்டிட்டுத்தான் திரும்புவேன். குடுக்கமாட்டேன்னா அந்த வீட்டு வாசல்லயே கெடப்பேன். செத்தாலும் அங்கயே சாவேன்.

பயப்படாதீங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். எல்லாரும் என்னைப் பைத்தியம்னு நெனச்சுக்கறாங்க. நீங்களும் கொஞ்சம் நகந்து உக்காந்தீங்க, பாத்தேன். ஒட்டிக்கும்னு பயமா? தொட்டா ஒட்டாதுக்கா. ரொம்ப நேரம் கூடவே படுத்திருந்தாத்தான் ஒட்டும்.

இப்ப நீங்க பாக்கறது என் கலரே இல்ல. அத மொதல்ல சொல்லிடறேன். நான் மாநிறம். மாநிறத்துலயும் கொஞ்சம் வெளுப்பு. எம் பேரு பவுனு. கறுப்பாப் பொறந்திருந்தா பவுனுன்னு பேரு வைப்பாங்களா, நீங்களே சொல்லுங்க. எங்கம்மா வீட்டுல கறுப்பி கறுப்பின்னுதான் கூப்பிடுவாங்க, அது செல்லத்துக்கு. கல்யாண போட்டோ இருக்கு, இருங்க, போன்லயே வச்சிருக்கேன். பாத்தீங்களா? பன்னீர் ரோஜா மாதிரி இல்ல? ஸ்டூடியோக்காரன் கம்ப்யூட்டர்ல வெளுப்பாக்கிட்டான்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு. பக்கத்துல நிக்கறாரே, அவரும்தான் இதுல வெள்ளையா இருக்காரு. அப்ப அவரும் பொய்யா?

நான் சினிமாவுல இருக்கேன்க்கா. வாயப் பொளக்காதீங்க, ஈரோயின்லாம் இல்ல. கூட்டத்துல நிக்கறது. ஏஜெண்ட் பிச்சாண்டி அண்ணன் போன் பண்ணி, பவுனு நாளைக்கு வாம்பாரு, போவேன். கல்யாண மண்டபம், பார்ட்டி, ஏர்போர்ட்டு, இதுக்கெல்லாம் ரிச் க்ரவுடுன்னு தனியா ஒரு கூட்டம் வச்சிருப்பாங்க. அதுக்கு என்னைக் கூப்பிட்டதே இல்ல. செங்கல் சூளை, குப்பை மேடு, ஜெயிலு, வெள்ளம் வந்து ஓடறது, இதுக்கெல்லாம் மொதல் ஆளா என்னைத்தான் கூப்பிடுவாரு. அண்ணா, ஏண்ணா எனக்கு இதே வருதுன்னு ஒரு தடவ கேட்டேன். உனக்கு நடிப்பு வரும்மா, சும்மா நிக்கறதுக்கு உன்னை எதுக்கு வீணாக்கணும்னாரு. மனுசன்னா அவரு.

அப்படித்தான் அந்தப் பேய்ப் படத்துக்கும் போனேன். பேரச் சொல்லமாட்டேன், நீங்க பாத்திருக்கலாம். பாத்திருந்தா என் கைய நீங்க ஏற்கனவே பாத்துட்டீங்க.

கதை என்னன்னா, ஒரு பெரிய வீடு, எல்லாரும் எலுமிச்சம்பழக் கலரு. அந்த வீட்டுப் பையன் கறுப்பா ஒரு பொண்ணைக் காதலிச்சுக் கட்டிக்கிட்டு வந்துடறான். அவங்க அவள அடிக்கமாட்டாங்க, திட்டமாட்டாங்க. நல்லவங்க மாதிரியே இருப்பாங்க. ஆனா போட்டோ எடுக்கறப்ப மட்டும் அவள நகரச் சொல்லுவாங்க. விருந்தாளி வந்தா உள்ள போகச் சொல்லுவாங்க. இப்படியே அவளுக்குப் புத்தி பேதலிச்சு செத்துப் போயிடுவா. அப்புறம் அந்த வீட்டுல எந்தக் கண்ணாடியப் பாத்தாலும் அவங்கவங்க மூஞ்சி அவ கலர்ல தெரியும். கண்ணாடியில மட்டும்தான், நேர்ல பாத்தா பழைய கலருதான். ஆனா அவங்க நம்பமாட்டாங்க. ஒவ்வொருத்தரா குளியலறைக்குள்ள போய் தேச்சித் தேச்சி, தோலு பிஞ்சி, கடைசில ஒருத்தரும் மிஞ்சமாட்டாங்க. தியேட்டர்ல நானும் பாத்தேன். என்ன மடத்தனம் பாருங்க, இல்லாத கலர அழிக்கப் போய் உசிர விடறது! அது கதை, விடுங்க. எனக்கு நடந்தது நிசம்.

அந்தக் கறுப்புப் பொண்ணா நடிக்கறதுக்கு பம்பாய்லேர்ந்து நேஹல்னு ஒரு பொண்ணு வந்திச்சு. உங்களவிட செவப்புக்கா. நரம்பு பச்சையாத் தெரியும். நம்மூர்ல கறுப்பாப் பொண்ணே கெடைக்கலையான்னு யாரோ கேட்டதுக்கு, டைரக்டரு, மார்க்கெட்டுன்னு ஒண்ணு இருக்குல்லன்னாராம். நல்ல மனுசன் அவரு, கண்ணாடி போட்டுக்கிட்டு அமைதியாப் பேசுவாரு. நெறத்த வச்சு மனுசன அளக்கறாங்களே, அதுக்கு எதிராத்தான் இந்தப் படமேன்னு மொத நாள் எல்லாரையும் கூட்டி வச்சுப் பேசினாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு.

அந்தப் பொண்ணுக்கு என்ன கறுப்பு போடறதுன்னு மேக்கப் தணிகாசலம் அண்ணனுக்குப் புடிபடல. ஒண்ணு போட்டா சாக்லேட்டு மாதிரி இருக்கு, இன்னொண்ணு போட்டா கரி பூசின மாதிரி இருக்கு. டைரக்டரு கூட்டத்தச் சுத்திப் பாத்தாரு. பாத்துட்டு நேரா என்னைக் கை காட்டினாரு. இந்தக் கலர் வேணும்னாரு.

ஏன் என்னைக் காட்டினாருன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல. பக்கத்துல நின்னவள காட்டியிருப்பாரோ என்னமோ. ஆனா என்னைக் கூட்டிட்டுப் போய் கேரவன்ல, ஏசியில, அந்தப் பொண்ணு பக்கத்துல சேர் போட்டு உக்கார வச்சாங்க. என் கைய நீட்டச் சொல்லி, அதப் பாத்துப் பாத்து தணிகாசலம் அண்ணன் கலர் கலக்கினாரு. புடவைக் கடையில மேட்சிங் ஜாக்கெட் துணி எடுக்கறப்ப புடவைத் தலைப்ப நீட்டிப் புடிப்பம் பாருங்க, அப்படிப் புடிச்சிட்டிருந்தேன் கைய. கலந்து முடிச்சிட்டு, சரியா இருக்கான்னு பாக்க பிரஷ்ஷால எங்கையில ஒரு இழு இழுத்தாரு.

தெரியலக்கா.

பெயின்ட்டு போட்ட எடமே தெரியல. டைரக்டர் சார், பாருங்க, எங்க போட்டேன்னு கண்டுபுடிங்க பாப்போம்னாரு தணிகாசலம் அண்ணன். டைரக்டரு குனிஞ்சு பாத்தாரு. அந்தப் பொண்ணும் பாத்திச்சு. யாராலயும் கண்டுபுடிக்க முடியல. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன், என் கையத் தூக்கிட்டு. அப்புறந்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. எங்க போட்டாரு? மணிக்கட்டுக்கு மேலயா, முழங்கைக்குக் கீழயா? அவரே வேற பக்கம் போயிட்டாரு. பாத்ரூம்ல போய்க் கழுவினேன். எங்க கழுவறதுன்னு தெரிஞ்சாத்தானே போச்சா இல்லையான்னு தெரியும்? எடம் தெரியாததால முழுக் கையையும் கழுவினேன். கழுவி முடிச்சுப் பாத்தா முழுக் கையும் அந்தக் கலர்லயே இருக்கு. பரவிடுச்சு.

சிரிக்காதீங்கக்கா. சிரிக்கலயா? சரி.

அந்தப் பொண்ணுக்குத் தண்ணி பட்டா சாயம் வழியும். மழை சீனு, கிணத்து சீனு எல்லாம் வருதே, அதனால கை, கழுத்து, முதுகு இதெல்லாம் என்னை வச்சு எடுத்தாங்க. மூஞ்சி வராது, மத்ததெல்லாம் நான். எனக்கு மேக்கப்பு போடுங்கண்ணான்னா, உனக்கு எதுக்கும்மா, எண்ணெய் தடவினாப் போதும்னு தேங்காண்ணெயத் தடவி அனுப்பிடுவாரு. எண்ணெய்னு சொன்னாரு. அந்த எண்ணெயில என்ன கலந்திருந்தாருன்னு யாருக்குத் தெரியும்?

ஆனா உண்மையான கேடு வந்தது அந்தப் பாடை சீன்ல. கறுப்புப் பொண்ணு செத்துட்டா, பாடையில படுக்க வச்சுத் தூக்கறாங்க. நேஹல் படுக்கமாட்டேன்னுடுச்சு. அவங்கம்மா கூட வந்திருந்தாங்க, அபசகுனம்னு ஒரே ரகளை. உடனே பவுனைப் படுக்க வையின்னாங்க. படுத்தேன். மூஞ்சில மஞ்சள் அப்பி, நெத்தியில காசு வச்சு, வாயக் கட்டி, மாலை போட்டு. தல மாட்டுல அந்தப் பொண்ணு போட்டோ, அதுக்கும் மாலை.

சினிமாவுல ஒரு வழக்கம் இருக்குக்கா. வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியாது. யார் பொணமா நடிச்சாலும், யார் போட்டோவுக்கு மாலை போட்டாலும், ஷாட்டு முடிஞ்சதும் அவங்க எந்திரிச்சு கேமராவப் பாத்து ஒரு தடவ சிரிக்கணும். அதப் படம் புடிப்பாங்க, படத்துல வராது. அப்புறம் திருஷ்டி சுத்திப் பூசணிக்கா உடைப்பாங்க. பொணம் எந்திரிச்சிடுச்சு, சும்மா நடிப்புதான்னு எமனுக்கே சொல்ற மாதிரி. எவ்ளோ பெரிய ஸ்டாரா இருந்தாலும் சிரிச்சிட்டுத்தான் போவாங்க.

அன்னிக்கு ஷாட் ஓகேன்னதும் நான் படுத்தபடியே இருக்கேன். வாயக் கட்டியிருக்காங்க, காலு கட்ட வெரல கட்டியிருக்காங்க, யாராவது அவுத்து விடணும். அவங்க என்ன பண்ணாங்கன்னா, கேரவன்லேர்ந்து அந்தப் பொண்ணைக் கூட்டியாந்து, போட்டோ பக்கத்துல நிக்க வச்சு, சிரிங்க மேடம்னாங்க. அது சிரிச்சிச்சு. அதுக்குச் சுத்திப் பூசணிக்காய உடைச்சாங்க. தண்ணி எம்மேல தெறிச்சிச்சு. சாப்பாட்டு வண்டி வந்திருச்சுன்னு எல்லாரும் போயிட்டாங்க. படுத்தவ நானு! மேனேஜர்கிட்ட அப்புறம் கேட்டேன். உன் மூஞ்சிதான் வரலையேம்மா, உனக்கு எதுக்கு சிரிப்புன்னாரு.

அன்னிக்குத்தான் அது எம்மேல தங்கிடுச்சு. பொணத்த எழுப்பாம விட்டுட்டாங்கக்கா. எழுப்பாம விட்டா பொணத்தோட கலரு எப்படிப் போகும்?

அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்ப மோனிஷாவுக்கு ஜொரம். அம்மா அம்மான்னு எங்கையில தலைய வச்சு, கழுத்தக் கட்டிக்கிட்டு விடியற வரைக்கும் படுத்திருந்தா. காலையில பாக்கறேன், அவ கன்னமும் என் கையும் ஒரே கலரு. எங்க முடியுது எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. வெடுக்குன்னு கைய இழுத்துக்கிட்டேன். அவ பொறந்தப்ப ரோஸ் கலரா இருந்தாக்கா. நர்சம்மாவே சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரு, எல்லாக் கொழந்தையும் அப்படித்தாண்டி பொறக்கும், அவ என்னை மாதிரி உன்னை மாதிரி நல்லாத்தான் இருக்கான்னாரு. நல்லாவா? அந்த வருசம் ஸ்கூல் ஆண்டு விழாவுல நல்லா ஆடறவள கடைசி வரிசையில நிக்க வச்சிட்டாங்க. அதுக்கு முந்தின வருசமும் கடைசி வரிசைதான், ஆனா அப்ப உயரம்னு சொன்னாங்க. இப்ப உயரம்கூடச் சொல்லல.

தணிகாசலம் அண்ணன் வீட்டுக்கே போனேன். கால்ல விழுந்தேன். அண்ணா, எத வச்சு எடுக்கறது சொல்லுண்ணான்னு அழுதேன். அவரு சம்சாரத்த முன்னால வச்சிக்கிட்டுச் சொல்றாரு, பவுனு, உனக்கு நான் ஒரு சொட்டு கலரும் போடல, கையில ஒரு இழுப்பு, அதுவும் தண்ணியில போற சரக்குன்னு. அப்படின்னா இது என்னண்ணான்னு கைய நீட்டினேன். தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. குத்தம் பண்ணவன் வேற என்ன பண்ணுவான்?

டைரக்டரு ஆபீசுக்கும் போனேன். சார், எனக்கு ஒரே ஒரு சிரிப்பு ஷாட்டு எடுத்துடுங்க, ஒரு பூசணிக்கா உடைச்சிடுங்க, நான் போயிடறேன்னேன். முழுசாக் கேட்டாரு. கேட்டுட்டு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சிக்கிட்டு, பவுனு, நம்ம சமூகம் உன்னை எப்படி ஆக்கியிருக்கு பாத்தியா, கறுப்புதான் அழகு, நீ கறுப்பா இருக்கறதுக்குப் பெருமைப்படணும்னாரு. எனக்கு வந்த கோவம்! உதவின்னு கேட்டு வந்தவள மூஞ்சிக்கு நேரா கறுப்புன்னு சொல்றாரு, படிச்ச மனுசன். பக்கத்துல அசிஸ்டென்ட்டு பொண்ணு போன்ல புடிச்சிட்டிருந்திச்சு. அக்கா, கொஞ்சம் சிரிங்கன்னுச்சு. ஆகா, ஷாட்டு எடுக்கறாங்கன்னு நெனச்சு வாயெல்லாம் பல்லாச் சிரிச்சேன். அப்புறம் பாத்தா அது யூடியூப்ல வந்திருக்கு. எங்கள் படம் ஒரு பெண்ணுக்குத் தந்த தன்னம்பிக்கைன்னு போட்டு. கீழ ஒருத்தன் எழுதியிருக்கான், இதுக்கு மேக்கப்பே தேவையில்லன்னு. பூசணிக்கா உடைக்கல. உடைக்காம எப்படிக்கா செல்லும்?

அதுக்கப்புறம் நானே பாத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். பீர்க்கங்கா நாரு, கடலமாவு, எலுமிச்சம்பழம், பாதம் தேய்க்கிற கல்லு. எனக்கு ரெண்டு வேளை, மோனிஷாவுக்கு ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு வேளை. மொதல்ல அழுவா. அப்புறம் அழறத நிறுத்திட்டா, பழகிடுச்சு. பல்லக் கடிச்சிக்கிட்டு செவுத்தப் பாத்து நிப்பா. தங்கமான புள்ளக்கா. ஒரு நாள் தோள்பட்டைகிட்ட கொஞ்சம் தோல் உரிஞ்சி ரத்தம் கசிஞ்சிச்சு. உள்ள ரோஸா இருந்திச்சு, பாருங்க! எனக்குச் சந்தோசம் தாங்கல. இந்தா பாரு பாப்பா, உன் நெசக் கலரு வருதுன்னு காட்டினேன். அந்த நேரம் பாத்து எங்க வீட்டுக்காரரு உள்ள வந்துட்டாரு.

அவரு சத்தம் போட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. கொழந்தைய டவல்ல சுத்தித் தூக்கிட்டு ஆஸ்பத்திரி போனாரு. அங்கேர்ந்து அப்படியே ஆரணி. அவரு மேல எனக்குக் கோவமில்ல. அவருக்குக் கண்ணு தெரியல, அவ்ளோதான். ஆனா பாதியில தூக்கிட்டுப் போனாரே, அதத்தான் மன்னிக்க முடியல. எம்புள்ள பாதி சாயத்தோட நிக்குது. அத நெனச்சா சோறு எறங்கலக்கா. கண்ணு மூடினா அவ முதுகுதான் தெரியுது. நான் இல்லாம அவளுக்கு யாரு இருக்கா? யாருக்கு அவ மேல இவ்ளோ அக்கறை?

இந்தப் பாட்டிலா? ஆர்ட் டிபார்ட்மெண்ட்ல பெயின்ட்டு எடுக்கறதுக்கு வச்சிருப்பாங்க, தின்னரு. வாசனை கொஞ்சம் ஏறும். அவளுக்கு இல்லக்கா, எனக்குத்தான். அவளுக்குத் தண்ணி கலந்துதான் போடுவேன். நான் என்ன ராட்சசியா?

செய்யாறு தாண்டியாச்சா? அப்ப இன்னும் கொஞ்ச தூரம்தான். அக்கா, ஒரு உதவி. என் நம்பர்லேர்ந்து போட்டா நாத்தனாரு எடுக்கமாட்டேங்கறா, பிளாக் பண்ணி வச்சிருக்கா. உங்க போன்லேர்ந்து ஒரு கால் போட்டுக் குடுங்க. இந்த நேரத்துல மோனிஷாதான் போன வச்சு வெளையாடிட்டிருப்பா. குரல மட்டும் கேட்டுட்டு வச்சிடறேன். கும்புடறேன்க்கா. உங்களுக்கும் புள்ள குட்டி இருக்கும். இந்தாங்க நம்பரு. ஸ்பீக்கர்ல போடுங்க.

அலோ. பாப்பா? மோனிம்மா! அம்மாடா. அம்மாதான் பேசறேன். சாப்பிட்டியா? அத்தை எங்க? கடைக்கா? அழாத, அழாதடா. அம்மா பஸ்ல வந்துட்டிருக்கேன், உன்னைக் கூட்டிட்டுப் போக. ஏன் வேணாம்? ஏன்டா வேணாம்ங்கற? என்னது? சத்தமாச் சொல்லு, பஸ்ஸு இரைச்சல்.

கேட்டீங்களாக்கா? கேட்டீங்களா அவ சொன்னத? நீ வராதம்மா, நானே தேச்சுக்கறேன்ங்கறா! அத்தை வெளிய போறப்பல்லாம் பாத்திரம் தேய்க்கிற கம்பிய எடுத்துத் தேச்சுக்கறாளாம். அழாமத் தேச்சுக்கறாளாம். எம்புள்ளக்கா! யாரும் சொல்லித் தராம, தானா. இந்த ஒலகத்துல என்னைப் புரிஞ்சிக்கிட்டது அவ ஒருத்திதான். பாப்பா, அலோ, பாப்பா. வச்சிட்டா.

ஏன்க்கா எந்திரிச்சிட்டீங்க? ஏன் அழறீங்க? போனக் குடுங்க, இன்னொரு தடவ பேசறேன். யாருக்குப் போடறீங்க? நாத்தனாருக்கா? அக்கா, கண்டக்டரக் கூப்பிடாதீங்க. நான் எதுவும் பண்ணமாட்டேன், உக்காருங்க. சொல்லணும்னா கடைக்குப் போனவ வீட்டுக்கு வந்துட்டாளான்னு மட்டும் கேளுங்க. கம்பியப் புடுங்கச் சொல்லாதீங்கக்கா, உங்க கால்ல விழறேன். பாதியில நிறுத்தினா திட்டுத் திட்டாத் தெரியும்.